கண்குழியோரம் ஒரு கோடு

கம்பத்தில் நிலோபர் என்று கேட்டால் பத்துப் பேரைக் காட்டுவார்கள். தவளை டீச்சர் என்று கேளுங்கள், நேராக நூர் முகம்மது ராவுத்தர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் படித்தது தவளையை அல்ல. தவளையும் தேரையும் இன்றைய உருவத்துக்கு வருவதற்கு முன்னால், இருபது கோடி வருஷத்துக்கும் முந்தி, ஆற்றுச் சேற்றில் கிடந்து மீன் பிடித்துத் தின்ற ஒரு பிராணியை. இதை எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? சொல்லித்தான் பார்த்தாள். அப்படியா டீச்சர் என்று வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, மறுநாளும் தவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிறந்தது கூடலூரில். அத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம், பாதி நாள் குமுளி ஜீப்பில்தான் குடித்தனம். தொண்ணூற்றாறில் அவளை மதுரைக்கு அனுப்பி எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்க வைத்தார். அங்கே பேராசிரியர் பிச்சைமணி ஒரு நாள் வகுப்புக்கு இரண்டு மண்டையோடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்று முதலை. மற்றது கல்லாகிப்போன ஏதோ ஒன்றின் அச்சுப் படி. இரண்டுக்கும் நீண்ட மூஞ்சி, இரண்டுக்கும் வரிசைப் பல். என்ன வித்தியாசம் என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் பல்லை எண்ணிக்கொண்டிருந்தபோது நிலோபர் எழுந்து, இதற்கு மூக்கு இடம் மாறி இருக்கிறது என்றாள். முதலைக்கு மூக்குத் துளை மூஞ்சியின் நுனியில். அந்தக் கல் பிராணிக்கோ கண்ணுக்குக் கொஞ்சம் முன்னால், கிட்டத்தட்ட நெற்றியில்.

பிச்சைமணிக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது முதலைக்குத் தூரத்துச் சொந்தம்தான், முதலை அல்ல என்று விளக்கினார். ஒரே மாதிரி ஆற்றில் ஒரே பிழைப்பைப் பிழைத்ததால் முகம் ஒன்றுபோல ஆகிவிட்டது. அது தண்ணீரில் கிடந்த காலத்தில், நிஜமான முதலை வம்சத்தார் நாய் அளவு உடம்பும் நெட்டைக் காலுமாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே முகத்தைப் பார்க்காதே, தையலைப் பார் என்பார் அவர். மண்டையோட்டில் எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில் பல்லுப் பல்லாக ஒரு கோடு ஓடும். அதற்குத்தான் தையல் என்று பேர். எந்த எலும்பு எதைத் தொடுகிறது, எது எதைத் தொடவில்லை என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். நிலோபருக்கு அந்தக் கோட்டின்மேல் ஒரு பித்து பிடித்துவிட்டது.

தொண்ணூற்றொன்பதில் கல்யாணம். மாப்பிள்ளை நௌஷாத், கம்பத்தில் அப்பாவோடு திராட்சை மண்டி வைத்திருந்தவர். ஓடைப்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கமிருந்து வரும் திராட்சையைப் பெட்டி போட்டு மதுரைக்கு அனுப்புகிற வியாபாரம். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் பெண்டாட்டியின் படிப்பில் அவருக்கு இருந்த பெருமையை மண்டியில் வேலை பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். மூக்கு நெற்றியில் இருந்த முதலைச் சொந்தக்காரனைப் பற்றி அவள் சொன்னபோது, அதற்குச் சளி பிடித்தால் கண்ணுக்குள் அல்லவா ஒழுகும் என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டார். அவள் உத்தமபாளையத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்ததும், பிச்சைமணியிடம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்ததும் அவர் கொடுத்த தைரியத்தில்தான்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சின்ன மண்டையோடு. கோதாவரிக் கரையின் சிவப்பு மண்பாறையில் எடுத்தது. கவிழ்த்துப் போட்ட முறம் மாதிரி தட்டையான தலை, முன்பக்கம் தள்ளி இரண்டு கண்குழி. இந்த வகையில் பெரிய தலைகள் பல கிடைத்திருக்கின்றன. இது சிறிசு. அதே இனத்தின் குட்டியா, இல்லை யாரும் இதுவரை அறியாத வேறொரு இனமா என்பதுதான் கேள்வி. அசல் கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். அப்போது மேல் பாதியைப் பாறை மூடியிருந்தது. பிறகு அதைச் சுத்தம் செய்து, மாவுக்கட்டு மாவில் ஒரு படி வார்த்துப் பிச்சைமணிக்கு அனுப்பினார்கள். மதுரைக்குத் திராட்சை இறக்கப் போன லாரியில் நௌஷாத்தே போய் அதை வாங்கிவந்தார். காலிப் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். என்ன, ஒரு நாள் பிந்தி வந்தார். லாரி பஞ்சர் என்றார்.

அந்தப் படியை மேசையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வரைந்தாள். வலப்பக்கம் நசுங்கிப்போனது, உபயோகமில்லை. இடப்பக்கத்தில்தான் அந்தக் கோடு அகப்பட்டது. கண்குழிக்கு முன்னால் ஒரு எலும்பு உண்டு, கண்ணீர் எலும்பு என்பார்கள். தெரிந்த இனத்தில் அது கண்குழியின் ஓரத்தைத் தொடும். இந்தப் படியிலோ, எலும்புக்கும் கண்குழிக்கும் நடுவே பல்லுப் பல்லாக ஒரு தையல் ஓடி, இரண்டையும் பிரித்தது. தொடவில்லை என்றால் இது வேறு இனம். குட்டி இல்லை, தனி ஜீவன். ஆய்வேடு மொத்தமும் அந்த ஒரு விரற்கடைக் கோட்டின்மேல் எழும்பியது. அசலை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது.

இரண்டாயிரத்து நாலு, திராட்சை சீசன். மண்டியில் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த நௌஷாத், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நிலோபர் இத்தா இருந்தாள். புருஷனை இழந்த பெண் நாலு மாதத்துக்கும் மேலே வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது, பூ அத்தர் நகை கிடையாது. மற்றப் பெண்களுக்கு அது சிறையாக இருந்திருக்கும். அவளுக்கு அதுவும் தெரியவில்லை. குளி என்றால் குளித்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை பாருங்கள் என்று வாசலில் செருப்புப் போடும்போதே பேசிக்கொண்டு போனார்கள். அதுவும் அவள் காதில் விழுந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது அவளுக்கு; நம்முடையதுதான், ஆனால் கிள்ளினாலும் தெரியாது.

மாமியார் அம்சத் பீவிக்குத்தான் பயம் வந்துவிட்டது. இப்படியே விட்டால் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று, அந்த மாவுத் தலையை எடுத்துத் துடைத்து அவள் அறை மேசையில் கொண்டுவந்து வைத்தார். எழுது ஆத்தா, உன் வேலையைப் பார் என்றார். கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது, பட்டம் வாங்கிவிட்டால் அவளுக்குத்தான். பட்டம் இல்லையென்றால்? பிள்ளை குட்டியும் கிடையாது. இத்தா முடிந்ததும் கூடலூருக்குக் கூட்டிப்போக அத்தா தயாராக இருந்தார். மறு நிக்காஹ் பேச்சுகூட யார் வீட்டிலோ ஆரம்பித்திருந்தது. தன் காலில் நிற்க அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த ஆய்வேடு. கடைசி அத்தியாயத்தை மரத்துப்போன கையால் எழுதத் தொடங்கினாள். வேலை என்னவோ நன்றாகத்தான் ஓடியது, அதுதான் வேடிக்கை.

அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கோட்டைச்சாமி துக்கம் கேட்க வந்தார். எலும்பு டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டர். கம்பத்தில் கை கால் முறிந்தவர்களுக்கெல்லாம் மாவுக்கட்டுப் போட்டது அவர் கைதான். திருப்பூரில் மகள் வீட்டில் இருந்ததால் மவுத்துச் சேதி கேட்டு உடனே வர முடியவில்லையாம். முன் கூடத்தில் மாமனார் நூர் முகம்மதுவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடுக்கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் அம்சத் பீவி. அவருக்குப் பின்னால், மேசையில், நிலோபர்.

துக்க வீட்டில் இறந்தவனைப் பற்றி நல்லதாக ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைப்பது சிலருக்குக் கைவந்த கலை. கோட்டைச்சாமியும் சொன்னார். ஒரு நாள் சாயங்காலம் நௌஷாத் திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாராம். ஒரு கேஸ் அண்ணே, தலையில் அடி என்றாராம். திறந்து பார்த்தால் ஒரு தவளைத் தலை. ஆண்டிப்பட்டிக் கணவாயில் லாரி குலுங்கி, மேலே அடுக்கியிருந்த காலிப் பெட்டி சரிந்து விழுந்து, கண்ணுப் பக்கம் நொறுங்கிவிட்டதாம். மாவுதானே, மாவுக்கட்டுக்காரர் ஒட்டமாட்டாரா என்று கொண்டுவந்திருக்கிறார். பெண்டாட்டி ஒரு வருஷமாகக் காத்திருந்த சாமான், உடைந்தது தெரிந்தால் அவள் மனசு ஆறாது என்று சொல்லிக் கண்ணே கலங்கிவிட்டாராம்.

நூர் முகம்மது சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். கோட்டைச்சாமி தொடர்ந்தார்.

"நான் பாட்டுக்கு மாவக் கொழச்சு அடச்சு மட்டம் பண்ணிட்டேண்ணே. தம்பி பாத்தாரு. மத்த எடமெல்லாம் பல்லுப் பல்லா கோடு ஓடுது, இங்கன மட்டும் மொழுமொழுன்னு இருந்தா அவ ஒரே நிமிசத்துல கண்டுபிடிச்சிருவான்னு சொல்லிட்டு, எங்கிட்ட ஊசிய வாங்கி அவரே கோடு கீறுனாரு. அம்புட்டுப் பொறுமையா. அப்புறம் டீத்தண்ணியத் தொட்டுத் தொட்டுக் கலர் குடுத்தாரு. அந்த மாதிரிப் புருசன் யாருக்கண்ணே கெடைப்பான்?"

நிலோபர் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய் மாமியார் தோளைத் தொட்டாள். தான் திரைக்கு வெளியே போகவோ குரல் கொடுக்கவோ கூடாது என்பது அந்த நேரத்திலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. கேட்க வேண்டியதைக் காதில் சொன்னாள். அம்சத் பீவி ஒன்றும் புரியாமல் அதைத் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டார்.

"எங்கன ஒடஞ்சிருந்துச்சுன்னு கேக்குறா தம்பி. எடக் கண்ணா, வலக் கண்ணா?"

"எடக் கண்ணுதாங்கக்கா. கண்ணுக்கு முன்னுக்க, மூக்குப் பக்கமா."

கோட்டைச்சாமி டீ குடித்துவிட்டுப் போனார். நல்ல காரியம் செய்த திருப்தி அவருக்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதை அவர் எப்படி அறிவார், பாவம்.

நிலோபர் ஈரத்துணியைக் கண்குழியோரம் வைத்து ஊறவிட்டாள். டீச்சாயம் துணியில் ஏறியது. கீழே வெள்ளையாக, வேறு மாவு, ஒரு புளியங்கொட்டை அகலத்துக்குத் தெரிந்தது. கோடு அதற்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிந்தது. எத்தனை தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பாள் அதை. எவ்வளவு நன்றாகக் கீறியிருக்கிறார் என்பதுதான் முதலில் தோன்றியது. அவள் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கை பழகியிருக்கிறது.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த அன்றைக்கு, மண்டியிலிருந்து வந்தவரைக் கை கால்கூடக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். இதோ பாருங்கள், இந்தக் கோடுதான், இது இருப்பதால்தான் இது புது இனம் என்று குதித்தாள். நல்லாருக்கே என்றார் நௌஷாத். தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு செம்பையும் குடித்தார். அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. வெயிலில் அலைந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாரா? இல்லை, தான் கீறியது எது, எலும்பின் கோடு எது என்று அவருக்கே தெரியாமல் போனதா? கேட்டால் ஒரே வார்த்தையில் தெரிந்துவிடும். அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். கோபமும் வரவில்லை.

மாமியாருக்கு விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொன்னாள். அம்சத் பீவி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனாலும் புரியவேண்டியது புரிந்துவிட்டது. இது யாருக்குத் தெரியும் என்று கேட்டு, தானே கணக்கும் போட்டார். கோட்டைச்சாமிக்கு ஒடிந்தது தெரியும், இனமும் கினமும் தெரியாது. பேராசிரியருக்கு ஒடிந்தது தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பேசாமல் இருந்தால் உனக்கு வேலையாச்சு, எங்களோடேயே இருந்துவிடலாம். கிழவி இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் கோட்டின்மேல் விரல் படாமல் தடவினார்.

"அவன் கையால போட்டது ஆத்தா. அது ஒண்ணாச்சும் இருந்துட்டுப் போகட்டுமே."

நிலோபருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தச் சின்னத் தலைக்குப் புதுப் பேர் வைத்து, உலகத்தில் அந்தப் படிப்புப் படிக்கிறவர்கள் எல்லாம் நௌஷாத் கீறிய கோட்டை அளந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதைவிடப் பெரிய சமாதி யாருக்குக் கட்ட முடியும்?

"அப்படி ஒரு உசுரு இருந்ததே இல்ல மாமி," என்றாள்.

மறுநாள் மாமனார் அசர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மதுரைக்குப் போன் போட்டாள். அவசியத்துக்கு அந்நிய ஆணிடம் பேசினால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்காக என்று சொல்லி, அம்சத் பீவிதான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். அவர் மனசு மாறவில்லை. ஆனாலும் கொடுத்தார்.

பிச்சைமணி உற்சாகமாக இருந்தார். என்னம்மா ஆளையே காணோம், இந்த வருஷம் வீட்டுக்காரர் திராட்சையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அத்தியாயமும் வரவில்லை, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னை மறந்துவிட்டீர்களா என்று சிரித்தார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நிலோபர் அதற்குப் பதில் சொல்லாமல் வந்த விஷயத்தைச் சொன்னாள். படி வழியில் உடைந்தது, மாவு வைத்து அடைத்தது, மேலே ஊசியால் கீறியது எல்லாவற்றையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணீர் எலும்பைப் பற்றி எழுதியதெல்லாம் தப்பு, இது அந்தப் பழைய இனத்தின் குட்டியாகத்தான் இருக்கும் என்றாள். குரல் பிசிறவே இல்லை.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அவர் புத்தி வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"அவசரப்படாதம்மா. உடைஞ்ச சில்லுல ஏற்கெனவே அங்க ஒரு தையல் இருந்திருக்கலாம் இல்லையா? இருந்த கோட்டத்தான் அவர் ஞாபகமாத் திரும்பப் போட்டாரோ என்னமோ. அப்படின்னா நீ எழுதினது சரிதான். கல்கத்தாவுக்கு எழுதிக் கேட்டா மாசக்கணக்காகும். பார்சல் வந்தப்ப நான் ஊர்ல இல்ல, பிரிச்சுப் பார்த்து எடுத்துட்டுப் போனது அவர்தான். உடையறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பார்த்தவர் அவர் ஒருத்தர்தானே? அவரக் கொஞ்சம் கூப்பிடு, ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

இது நிலோபருக்குத் தோன்றவே இல்லை. இருந்த கோட்டைத்தான் திரும்பப் போட்டாரா? போட்டிருப்பார். அவர் எதையும் சும்மா கீறுகிற ஆள் இல்லை. அத்தனை நாளும் உள்ளே கட்டியாகக் கிடந்த ஏதோ ஒன்று குப்பென்று நெஞ்சுக்கு ஏறியது, சந்தோஷம் மாதிரி. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, சித்த இங்கிட்டு வாங்க. சார் ஒங்களக் கேக்குறாக."

அவள் குரல் கூடத்தைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருக்கும். பக்கத்தில் நின்ற அம்சத் பீவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தார். நிலோபர் அவரைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். வெயிலில் காயப்போட்ட மிளகாய் வற்றலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

ஹலோ, ஹலோ என்று பிச்சைமணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனாள். அந்த வார்த்தையை அவள் வாயால் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

"அவுக மவுத்தாப் போயிட்டாக சார்," என்றாள். "எனக்கும் அவுககிட்டக் கேக்கணும் சார். எனக்கும் கேக்கணும்."

அம்சத் பீவி எழுந்து வந்து போனை வாங்கி வைத்தார்.